கோடு ரோஸ் கலர்ல விழுந்தா மஜெந்தா டிரம்ம மாத்திராதீங்க

கடை காரைக்குடில, காலேஜ் ரோட்டுல இருந்து உள்ள திரும்புற ஒரு சந்துல இருக்கு. ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் உண்டு. கலர் மெஷின் ஒண்ணு இருக்கு, ரீகண்டிஷன்தான், எந்த நாட்டு ஆபீஸ்லயோ ஓடி ஓஞ்சு கப்பல்ல வந்து இறங்குனது. கம்பெனி பேரு சொல்லல, ஏன்னா இப்ப சொல்லப் போற கோளாறு எல்லா கம்பெனி மெஷின்லயும் வர்றதுதான், பாவம் அவங்க மேல பழி எதுக்கு.

2019 மார்ச்சுல நடந்தது. மார்ச்சுன்னா எங்களுக்கு தீபாவளி மாதிரி, ப்ராஜெக்ட்டு தீசிஸுன்னு பசங்க வாசல்லயே நிப்பாங்க, டீ வாங்கி வச்சா ஆடை கட்டி ஆறிப் போயிரும். அன்னைக்கு சாயங்காலம் ஒரு பொண்ணு பென்டிரைவோட வந்துச்சு, பிஎச்டி தீசிஸ், கடற்கரை மண்ணரிப்பு பத்தி, மொத்தம் 212 பக்கம், அதுல 58 பக்கம் கலரு, கலருன்னா சும்மா பை சார்ட் இல்ல, பக்கம் முழுக்க சாட்டிலைட் மேப். 6 காப்பி வேணும், மறுநாள் 11 மணிக்கு பைண்டிங் முடிஞ்சு கைல இருக்கணும். சரிம்மான்னு வாங்கி முதல் காப்பிய அடிச்சு குடுத்தேன், புரட்டிப் பாத்துட்டு அந்தப் பொண்ணு மெதுவா கேட்டுச்சு, "அண்ணா, கடலுக்கு நடுவுல ரோடு போட்டிருக்கீங்களே?"

வாங்கிப் பாத்தா நெஜமாவே ரோடு. நீலக் கடலுக்குள்ள தையல் நூல் மொத்தத்துல ஒரு ரோஸ் கலர் கோடு, பேப்பரு இந்த ஓரத்துல ஆரம்பிச்சு அந்த ஓரம் வரைக்கும் நேரா போகுது. 58 பக்கத்துலயும் அதே எடம். எழுத்து மட்டும் இருக்குற பக்கத்துல ஒண்ணுமே இல்ல, பளிச்சுன்னு இருக்கு.

இப்ப நான் என்ன செஞ்சேன்னா, எந்த ஜெராக்ஸ் கடைக்காரனும் பதட்டத்துல செய்யுறதத்தான் செஞ்சேன். கோடு ரோஸ் கலரு, ரோஸ் போடுறது மஜெந்தா, அப்ப மஜெந்தா டிரம் போச்சு (டிரம்னா படத்த ஏந்துற உருளை, கலருக்கு ஒண்ணு). மதுரைல ஸ்பேர்ஸ் கடைக்கு போன் அடிச்சு, 4,800 ரூபா ஜிபே பண்ணி, டிரம்ம பஸ்ல போட்டு விடச் சொல்லி, ஒன்பதரை மணிக்கு பஸ் ஸ்டாண்டு போயி கண்டக்டர்கிட்ட வாங்கிட்டு வந்து, கவர கிழிச்சு, மாட்டி, அடிச்சுப் பாத்தா... கோடு அப்படியே இருக்கு. ஒரு மயிரிழை கூட நகரல.

வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு. டிரம்ம மாட்டுனதும் அதோட சிப் ஓட ஆரம்பிச்சிரும், இனிமே திருப்பி எடுக்க மாட்டாங்க. மணி பத்து. மெக்கானிக் அண்ணனுக்கு அடிச்சேன், அவரு தூக்கக் கலக்கத்துல ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"தம்பி, மேப்புல பச்சை இருக்கா? பச்சைக்குள்ள அந்தக் கோடு என்ன கலர்ல தெரியுது?"

பாத்தேன். கரைக்கு இந்தப் பக்கம் தோப்பு, காடு எல்லாம் பச்சை. அதுக்குள்ள அதே கோடு மஞ்சளா ஓடுது.

"மஞ்சளா இருக்குண்ணே."

"அப்ப சயான் விழலடா. டிரம் எதையும் வாங்கிறாத."

வாங்கிட்டேன்னு சொல்ல வாய் வரல.

இத நான் இத்தனை வருஷம் கடை நடத்தியும் யோசிச்சதே இல்ல. மெஷின்ல இருக்குற டோனர், அதாவது மைப் பொடி, சயான் (பச்சை கலந்த இளநீலம்), மஜெந்தா, மஞ்சள், பிளாக் நாலுதான், சரியான நீலம்னு ஒரு டோனரே கெடையாது, சயானும் மஜெந்தாவும் மேல மேல விழுந்தாத்தான் நீலம். பச்சைன்னா சயானும் மஞ்சளும். அந்த நூல் மொத்தத்துல சயான் மட்டும் விழாம போனா கடல்ல மிச்சம் இருக்குறது மஜெந்தா, அதனால ரோஸ் கோடு, காட்டுல மிச்சம் இருக்குறது மஞ்சள், அதனால மஞ்சக் கோடு. வெள்ளைத் தாள்ல சயான் விழ வேண்டிய வேலையே இல்ல, எழுத்து வெறும் பிளாக், அதான் அங்க கோடு தெரியல. கோட்டோட கலர் குத்தவாளி இல்ல, அது பக்கத்துல நின்ன அப்பாவி. வராம போனவன்தான் குத்தவாளி. நான் சாட்சியப் புடிச்சு உள்ள போட்டுட்டேன்.

ஆனா எல்லா கோடும் இப்படி இல்ல. வெறும் வெள்ளைத் தாள்லயே ரோஸ் கோடு விழுந்தா அது வேற கதை, அது நெஜமாவே மஜெந்தா எச்சா விழுறது, டிரம் பிளேடு, சார்ஜ் ரோலர் அந்த மாதிரி. அதனால மொதல்ல பாக்க வேண்டியது கோடு வெறும் தாள்லயும் இருக்கா, இல்ல கலர் இருக்குற எடத்துல மட்டும் இருக்காங்குறதுதான். எச்சா விழுதா, விழாம போகுதா. இது ரெண்டையும் பிரிச்சுட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

சயான் ஏன் விழல? இதுக்கு மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லணும். டிரம் மேல மொதல்ல முழுசா சார்ஜ் ஏத்துவாங்க, அப்புறம் படம் எங்க வேணுமோ அங்க மட்டும் லேசர் அடிச்சு சார்ஜ எறக்குவாங்க, சார்ஜ் எறங்குன எடத்துல டோனர் போயி ஒட்டும், அத பெல்ட்டுல வாங்கி, பெல்ட்டுல இருந்து தாளுக்கு மாத்தி, ஃபியூசர் சூட்டுல உருக்கி அமுக்குவாங்க. டிரம்முல மிச்சம் இருக்குறத பிளேடு வழிச்சு எடுக்கும். நாலு கலருக்கும் நாலு டிரம். அடிப்படை என்னமோ பழசுதான், 1938 அக்டோபர் 22 அன்னைக்கு அமெரிக்காவுல நியூயார்க்ல அஸ்டோரியாங்குற எடத்துல செஸ்டர் கார்ல்சன்னு ஒரு மனுசன் கந்தகம் பூசுன துத்தநாகத் தகட்ட கர்ச்சீப்பால தேச்சு சார்ஜ் ஏத்தி, பவுடர் தூவி, மெழுகுத் தாள்ல ஒட்டி எடுத்தாரு, அன்னைக்கு அவரு எடுத்தது அந்தத் தேதியும் ஊர் பேரும்தான். கர்ச்சீப்புக்கு பதிலா இப்ப சார்ஜ் ரோலரு, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வாரேன். லேசர் வர்ற வழியில ஒரு தூசி உக்காந்தா அந்த எடத்துல சார்ஜ் எறங்காது, சார்ஜ் எறங்கலைன்னா டோனர் ஒட்டாது, தாள் ஓடிக்கிட்டே இருக்குறதால அந்தப் புள்ளி கோடா நீளும். நெறைய கலர் மெஷின்ல லேசர் யூனிட் டிரம்முக்கு அடியில இருக்கும், மேல இருந்து டோனர் உதிர்ந்து நேரா அந்த லேசர் கண்ணாடி மேலதான் விழும். ஒவ்வொரு கலருக்கும் ஒரு நீளக் கண்ணாடி. அத தொடைக்கன்னே முன்கதவுக்குள்ள ஒரு நீளக் குச்சி குடுத்திருப்பாங்க, நுனியில வெல்வெட்டு மாதிரி ஒரு பட்டை ஒட்டியிருக்கும்.

ரீகண்டிஷன் மெஷின்ல பாதிக்கு மேல அந்தக் குச்சி இருக்காது. எனக்கு இருந்துச்சு, ஆனா பட்டை தேஞ்சு மொட்டையா போயிருச்சு. அண்ணன் சொன்ன மாதிரி சயான் ஓட்டைல விட்டு கடைசி வரைக்கும் தள்ளி, இழுத்து, மூணு தடவ பண்ணிட்டு அடிச்சேன். கோடு போகல. ஆனா நகந்திருச்சு! கிட்டத்தட்ட ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி நிக்குது. என் வாழ்க்கைல ஒரு கோளாறப் பாத்து அவ்வளவு சந்தோசப்பட்டது இல்ல. தூசியத் தள்ளிவிட்டிருக்கோம்னு அர்த்தம், அப்ப எடம் இதேதான். கண்ணாடிக் கடைல மூக்குக் கண்ணாடி தொடைக்க ஒரு மெத்துத் துணி குடுப்பாங்கல்ல, எங்க வீட்டுக்காரம்மா கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்தத வாங்கி, கத்திரிச்சு, ரெண்டு பக்கம் ஒட்டுற டேப்பு வச்சு குச்சி நுனியில ஒட்டி, மறுபடியும் விட்டு இழுத்தேன். துணில சயான் பவுடர் ஒரு கடுகு அளவு. அடிச்சேன், கடல்ல ரோடு இல்ல.

விடியக்காலைல நாலு மணி வரைக்கும் ஓடுச்சு மெஷினு. காலைல பொண்ணு வந்து ஒவ்வொரு மேப்பா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு "ரோட்ட எடுத்துட்டீங்களா"ன்னு சிரிச்சுட்டு போச்சு. 4,800 ரூபா கதைய நான் அதுகிட்ட சொல்லல.

அதுக்கப்புறம் கோடுன்னாலே ஒரு வெறி புடிச்ச மாதிரி பாக்க ஆரம்பிச்சேன். பக்கத்து கடைக்காரங்களும் தாளோட வருவாங்க, "அண்ணே இது என்ன கோடுன்னு பாருங்க"ன்னு, ஜோசியக்காரன்கிட்ட கைய நீட்டுற மாதிரி. அதுல எண்பது பேருக்கு... சும்மா கணக்கு வேண்டாம், முக்காவாசிப் பேருக்கு பிரச்சனை மெஷினுக்குள்ளயே இல்ல, மேல ஏடிஎஃப்லதான் (தாள் கட்ட ஒவ்வொண்ணா தானா இழுத்துக்குற மேல் மூடி).

ஏடிஎஃப்ல நோட்ஸ கட்டா வச்சு அடிக்கும்போது மட்டும் கோடு வருது, அதே தாள பெரிய கண்ணாடில கவுத்து வச்சா வரல, கம்ப்யூட்டர்ல இருந்து அடிச்சாலும் வரல. இப்படி இருந்தா டிரம், பெல்ட் எதையும் தொடாதீங்க. பெரிய கண்ணாடிக்கு இடது பக்கம் ஒரு விரல் அகலத்துல ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டை இருக்கும், ஸ்லிட் கிளாஸ். ஏடிஎஃப்ல போற தாள் அது மேலதான் ஓடும், ஸ்கேனர் லைட்டு அதுக்கு கீழ அசையாம நிக்கும். பேனாவ அசையாம புடிச்சுக்கிட்டு தாள இழுத்தா கோடு விழுமா இல்லையா, அதே கதைதான், அந்தப் பட்டைல ஒரு புள்ளி அழுக்கு இருந்தா 200 பக்கத்துலயும் முழு நீளக் கோடு. பசங்க வைட்னர் காயுறதுக்கு முன்னாடியே கொண்டாந்து நீட்டுவாங்க, அதுதான் பெரும்பாலும். கண்ணுக்கு தெரியாது, நகத்த வச்சு லேசா ஓட்டுனா ஒரு எடத்துல தட்டும். ஐபிஏ (துடைக்குற ஆல்கஹால்) தொட்ட துணிய அந்த எடத்துல அர நிமிசம் வச்சு ஊற விட்டு நகத்தால நெம்பினா வந்துரும். பிளேடு போட்டு சொரண்டாதீங்க, கீறல் விழுந்தா அந்தக் கோடு மெஷின் இருக்குற வரைக்கும் கூடவே வரும்.

இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு. ஸ்கேனர் சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் மூணு வரிசையா கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் படிக்குற மெஷின்ல, குட்டித் தூசி ஒரு வரிசைய மட்டும் மறைச்சா கோடு கலர்ல வரும். கலர்ல வருதேன்னு டோனர் பக்கம் ஓடிறக் கூடாது. மொதல்ல கண்ணாடில கவுத்து வச்சு ஒண்ணு, கம்ப்யூட்டர்ல இருந்து ஒண்ணு, இந்த ரெண்டு தாளு அடிச்சாத்தான் எனக்கு சோறு இறங்கும்.

கம்ப்யூட்டர்ல இருந்து அடிச்சாலும் கோடு இருந்தா, கோரல்டிராங்குற டிசைன் சாஃப்ட்வேர்ல நாலு பக்கம் போட்டு வச்சிருக்கேன், ஒரு பக்கம் சயான் மட்டும், ஒண்ணு மஜெந்தா மட்டும், அப்படி நாலு, எல்லாம் 50 சதவீதம். நூறு சதவீதம் போட்டா சின்னக் கோடெல்லாம் டோனர்ல மூழ்கிரும், பாதி கலர்லதான் நல்லா தெரியும். ஒரே ஒரு பக்கத்துல கோடு இருந்தா அந்தக் கலரோட லேசர், டிரம், டெவலப்பர் (டிரம்முக்கு டோனர் குடுக்குற யூனிட்) இதுக்குள்ளதான். நாலு பக்கத்துலயும் ஒரே எடத்துல இருந்தா நாலு டிரம்மும் ஒரே நாள்ல சாகுமா, சாகாது, அப்ப நாலுக்கும் பொதுவா இருக்குற பெல்ட்டு, இல்ல ஃபியூசர். அதுல எதுன்னு பாக்க, தாள் பாதி ஓடும்போதே கதவத் தெறந்துருவேன், மெஷின் நின்னுரும், ஃபியூசருக்குள்ள போகாத தாள பக்குவமா உருவி எடுத்தா டோனர் இன்னும் பவுடராத்தான் இருக்கும், ஊதுனா பறந்துரும். அதுல கோடு இல்லாம, முழுசா வெளிய வந்த தாள்ல மட்டும் இருந்தா ஃபியூசர்தான். ஃபியூசர் கோடு சில சமயம் கலரே மாறாது, சாய்ச்சுப் பாத்தா மட்டும் பளபளப்புல ஒரு கீறல் தெரியும். ஃபியூசர்ல கைய வச்சிராதீங்க, கொதிக்கிற தண்ணிய விட மோசமா சுடும், என் கட்டை விரல்ல தழும்பு இருக்கு.

கோடு இல்லாம புள்ளியா, கறையா திரும்பத் திரும்ப வந்தா ஸ்கேல எடுங்க. உருளுற சாமான் ஒரு சுத்து சுத்தி வரும்போதெல்லாம் அதே கறைய வைக்கும், ரெண்டு கறைக்கு நடுவுல இருக்குற தூரம்தான் அந்த சாமானோட சுத்தளவு. 30 மில்லிமீட்டர் டிரம்முன்னா 94 மில்லிமீட்டருக்கு ஒரு தடவ, ஏ4 தாள் நீளவாக்குல ஓடுனா மூணு கறை வரும். மேனுவல் இல்லன்னா ஒண்ணும் கவலையில்ல, பைண்டிங் நூல சந்தேகப்படுற ரோலர் மேல ஒரு சுத்து சுத்தி அளந்து பாத்துக்கலாம், நம்ம கடைல நூலுக்கா பஞ்சம். டிரம்மயே அளக்கணும்னா மட்டும் மேல படாம ஓரமா அளங்க.

வெள்ளைத் தாள்ல எச்சா விழுற மெல்லிசு கோட்டுக்கு பெரும்பாலும் டிரம் பிளேடுதான். தாளோட உள்ள போன ஸ்டேப்ளர் பின்னு ஒண்ணு பிளேடு முனையில ஒரு குட்டி வெட்டு வச்சாப் போதும், அந்த வெட்டு வழியா டோனர் வழிச்சு எடுக்காம தப்பிச்சுக்கும். பிளேடு மட்டும் மாத்தலாம், ஆனா புதுசா காஞ்ச பிளேட அப்படியே மாட்டி சுத்த விட்டா டிரம்முல ஒட்டி மடங்கிரும், முனையில கொஞ்சம் டோனர் பவுடர் தடவிட்டு, கையால டிரம்ம ஒரு சுத்து சுத்திட்டுத்தான் மெஷின ஆன் பண்ணணும். மொதல் தடவ எனக்கு யாரும் சொல்லல. கிரீச்சுன்னு ஒரு சத்தம், அதோட பிளேடு கதை முடிஞ்சுது.

கழட்டி வச்ச டிரம்ம வெளிச்சத்துல விடாதீங்க, கருப்புத் துணியப் போட்டு மூடிருங்க, ஐபிஏ தொட்டு தொடைக்கவே கூடாது. வாயால ஊதுறதும் வேண்டாம், எச்சி படும், பட்ட எடம் புள்ளியா தாள்ல வரும். சட்டைல டோனர் கொட்டுனா பச்சைத் தண்ணிதான், வெந்நி ஊத்துனா உருகி துணில ஏறிரும். வீட்டு வாக்குவம் கிளீனர் வச்சு டோனர் இழுக்குறேன்னு ஒரு தம்பி பண்ணான், அந்தப் பொடி 5, 6 மைக்ரான்தான், பில்டருக்குள்ள புகுந்து பின்னாடி வழியா கடை முழுக்க அடிச்சு, அவன் கடை செவுரு இன்னும் லேசா ரோஸ் கலர்லதான் இருக்கு.

மஞ்சள்தான் இருக்குறதுலயே கஷ்டம். மஞ்சள் விழாம போன கோடு மஞ்சள் டெஸ்ட் தாள்ல கண்ணுக்கே தெரியாது, ஆனா செவப்பு ரோஜாப்பூ ஃபோட்டோல திடீர்னு ஒரு ரோஸ் கோடா முளைக்கும். அதுக்கு ஒரு வழி தற்செயலா கண்டுபுடிச்சேன், ஸ்பைரல் பைண்டிங்குக்கு மேல போடுற நீலக் கலர் பிளாஸ்டிக் ஷீட் இருக்குல்ல, அத மஞ்சள் டெஸ்ட் தாள் மேல வச்சுப் பாத்தா மஞ்சள் எல்லாம் கருப்பாத் தெரியும், விழாத எடம் வெளிச்சமா ஒரு கோடா பல்லக் காட்டும்.

போன வாரம் அப்படி வச்சுப் பாத்தேன், எங்க மெஷின்ல மஞ்சள்ல ஒரு கோடு இருக்கு, வலது ஓரத்துல இருந்து நாலு விரக்கடை தள்ளி. குச்சி விட்டுப் பாத்தேன், நகரல, அப்ப கண்ணாடி இல்ல, டெவலப்பர் யூனிட்டுக்குள்ள என்னமோ கட்டி தட்டியிருக்கு, பிரிச்சா அரை நாள் வேலை. இதுவரைக்கும் எந்தப் பார்ட்டியும் கண்டுபுடிக்கல. நானும் வாயத் தெறக்கல, சீசன் முடியட்டும்.